உல்லன் நூலில் கட்டிய பூ

எங்கள் அக்கா கனகம் தண்டலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கண்டிப்புக்காரி என்று பெயர் எடுத்தவள். ஆனால் ஹாங்காங் கதையை ஆரம்பித்தால் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அவளுடைய தங்கை மரகதம் நான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கதைதான். ஆனாலும் அவள் சொல்வதைவிட நான் சுருக்கமாகச் சொல்வேன்.

எழுபத்தாறாம் வருஷம் அவள் சென்னையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கல்லூரியும் ஹாங்காங்கில் ஒரு கல்லூரியும் ஆளுக்கொரு மாணவியை ஓராண்டுக்கு மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. இங்கிருந்து போக இவளைத் தேர்ந்தெடுத்தார்கள். எங்கள் ஊர் பென்னலூரில் அதுவரை பெங்களூரைத் தாண்டிய பெண் கிடையாது. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களிடம்கூடச் சொல்லிக்கொண்டு நின்றார்.

போன இடத்தில் லாம் அம்மா என்பவளின் வீட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். வானத்தைத் தொடும் கட்டடத்தில், கட்டிலைப் போட்டால் கதவு முழுசாகத் திறக்காத அறை. கீழே இறங்கினால் எள் விழ இடமில்லாத கூட்டம். லிஃப்டில் முழங்கையால் இடித்துத் தள்ளுவார்கள். அக்கா மிளகாய் தாளித்தால் லாம் அம்மா தும்மிக்கொண்டே வந்து சத்தம் போடுவாள். அவள் மகள் மே ஒருத்திக்குத்தான் இங்கிலீஷ் தெரியும், அவளும் வேலைக்குப் போய்விடுவாள். ஊரில் வாய் ஓயாத அக்கா அங்கே ஊமையாகிப் போனாள். அறைக்குள் "அம்மா, அம்மா" என்று அழுவாளாம். மாதக் கடைசியில் கல்லூரியில் சொல்லிவிட்டு ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். அப்பா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் பெரிய பயம்.

அப்போது ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமையில் பெண்கள் தலையில் பூ இல்லாமல் வாசலைத் தாண்டினால் எங்கள் அம்மா செங்கமலத்துக்குப் பொறுக்காது. "இன்னாடி இது, நாளும் கெழமையுமா ஒரு பூ கூட இல்லாம கெளம்பிக்கினு கீற?" என்று அதட்டுவாள். அந்தக் குரல் அக்காவின் காதிலேயே ஒலித்ததாம். அந்த ஊரில் மல்லிகைக்கு எங்கே போவது? வெள்ளை உல்லன் நூல் வாங்கி, மொட்டு மொட்டாக முடிந்து, சரமாகக் கட்டிக் காதோரம் செருகிக்கொண்டாள். அசல் மல்லிகை தோற்றது என்பாள். அவள் பூக்கட்டும் லட்சணம் எனக்குத் தெரியும்.

அன்றைக்கே ஊர் மாறிவிட்டது. லிஃப்டில் விலகி இடம் விட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்து ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். லாம் அம்மா மறுநாள் காலையில் ஒரு கிண்ணம் சூடான சூப்பைக் கொண்டுவந்து வைத்து, குடித்து முடிக்கும்வரை நகரவில்லை. எல்லாம் பூவின் மகிமை என்று அக்கா தினமும் அதை வைத்துக்கொண்டாள். மிளகாய் தாளித்தாலும் சத்தம் இல்லை. மாதக் கடைசி வந்தது, போனது. கல்லூரியில் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

லாம் அம்மா தினமும் சாயங்காலம் வாசலில் ஊதுபத்தி ஏற்றிக் கும்பிடுவாள். ஒருநாள் அக்காவைக் கூப்பிட்டு மே மூலமாகப் பேசினாள். லாம் அம்மா சொன்னதையெல்லாம் அக்கா எங்களிடம் பென்னலூர்ப் பேச்சிலேயே சொல்வாள். எனக்கு அந்தம்மா எங்கள் தெருக்காரி மாதிரியே ஆகிவிட்டாள்.

"உங்கம்மா பேரு இன்னா? அவங்களுக்கும் ஒரு பத்தி ஏத்துறேன். தவறிப்போயி எத்தினி நாளாச்சி?"

"யாரு தவறனாங்க? எங்கம்மா ஊர்ல குத்துக்கல்லாட்டம் கீறாங்க!"

மேயின் முகம் வெளுத்துப்போனது. தாயோ தகப்பனோ செத்தால் மகள் தலையில் வைத்துக்கொள்வதுதான் வெள்ளை நூல் பூ என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். 'அம்மா' என்ற அழுகையும் சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. அது அவர்களுக்கும் புரிகிற சொல்தான்.

அக்கா பூவைப் பிய்த்து எறிந்தாள். நல்லபடியாக இருக்கிற அம்மாவின் சாவையா இத்தனை நாள் தலையில் சுமந்தோம் என்று பதறினாள். பொய்த் துக்கம் காட்டி வாங்கிச் சாப்பிட்டவள் என்று நினைப்பார்களே என்ற அவமானம் வேறு. நாளைக்கே கிளம்பிவிடுகிறேன் என்று அழுதாள்.

லாம் அம்மா கீழே கிடந்த பூவைப் பொறுக்கி எடுத்தாள். பிறகு சொன்னாள்:

"உங்கம்மா நல்லா கீறாங்கல்ல? அப்போ இன்னாத்துக்கு அயுவுற? நான் எங்கம்மாவ சீனாவுல வுட்டுட்டு ஓடியாந்தவ. கடுதாசி வர்றது நின்னு ரொம்ப வருசம் ஆவுது. இருக்காங்களா இல்லியான்னு தெரியல. அந்தப் பூவ வெச்சிக்கிறதா வேணாமான்னு தெரியாமயே நான் கெடக்கிறேன். உனக்குத் தெரியுது, நீ எடுத்துட்ட. போ, போயி சாப்புடு."

மறுநாள் காலையிலும் சூப்பு வந்தது. அக்கா கிளம்பவில்லை. ஓராண்டு முழுவதும் அங்கேயே இருந்து படித்து முடித்தாள். இன்றைக்கு அவள் நிற்கிற நிலைமைக்கு அந்த வீட்டுக்கும் அந்தச் சூப்புக்கும் நாங்கள் எல்லோருமே கடன்பட்டவர்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த பிறகும் இதை அம்மாவிடம் சொல்ல அக்காவுக்குத் துணிச்சல் இல்லை. பல்லி கத்தினாலே பரிகாரம் தேடுகிறவள் அம்மா. கடைசியில் நான்தான் ஒன்று விடாமல் போட்டு உடைத்தேன். அக்கா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அம்மா உலையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்:

"நான் செத்துட்டேன்னு நெனச்சிக்கினு எம்பொண்ணுக்கு வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டாளா அந்தம்மா?"

"ஆமாம்மா."

"உசுரோட கீறேன்னு தெரிஞ்சப்புறமும் போட்டாளா?"

"போட்டாங்கம்மா."

"அந்த ஊரு எந்தப் பக்கம்டி?"

அக்கா கிழக்கே கையைக் காட்டினாள். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றாள். "அவளப் பெத்தவ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்று சொல்லிக் கும்பிட்டாள்.