வரிப் படிவத்தில் இடமில்லாத பிள்ளைகள்

போன வியாழக்கிழமை காலை, ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே என் மேசையில் ஒருவருக்குப் பிரஜாவுரிமை மனு எழுதிக்கொண்டிருந்தேன். நோர்வூட் பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "மாஸ்டர், ஹனிபா மொதலாளி தவறிட்டாராம்" என்றார். எழுதிய பாதி வரியை என்னால் முடிக்க முடியவில்லை. மனுக்காரரை மறுநாள் வரச்சொன்னேன்.

அவரது ஜவுளிக்கடையில் தீபாவளிக்குத் துணி எடுத்தவர்கள் இந்த ஊர்க்காரர்களான நீங்கள். பேரம் பேசத் தெரியாத மனுஷன் என்று சிரித்துமிருப்பீர்கள். வரிக் காரியாலயத்தோடு அவர் வருடக்கணக்காக மல்லுக்கட்டியது உங்களில் பலருக்குத் தெரியாது.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண் சரிந்து தொழிலாளர் குடியிருந்த லயம் புதைந்தபோது, அவர் கடையில் ஓய்வு நாட்களில் மூட்டை தூக்கிய கருப்பையாவும் மனைவியும் மண்ணோடு போய்விட்டார்கள். மிஞ்சிய இரண்டு பெண் குழந்தைகளை, பிள்ளையில்லாத முதலாளியும் அவர் மனைவியும் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குப் பக்கத்து வீட்டாரோடு அனுப்பிவைப்பார்கள். சின்னவள் ஒருநாள் தகப்பனைக் கூப்பிடுவதுபோல் "வாப்பா" என்று கூப்பிட்டபோது, "மாமான்னு சொல்லும்மா" என்று திருத்தினார். அன்று முழுக்க அவர் முகம் சரியில்லை.

வருமான வரியில் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. அந்த வருடம் படிவத்தை நிரப்பிய நான், பெரிய கெட்டிக்காரனாக, இரண்டு பெண்களையும் அவருடைய மகள்கள் என்றே எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டுக் கிழித்துப் போட்டார். "வளக்குற புள்ளைய அதோட தகப்பன் பேர்லதான் கூப்பிடணும், அது எங்க மார்க்கம். கருப்பையா மண்ணுக்குள்ள போயிட்டான் மாஸ்டர். அவன் பேரையும் நீங்க பொதைச்சிடாதீங்க." தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை தானாகக் கிடையாது; பின்னாளில் அதைக் கேட்கவும் அந்தப் பேர்தான் அவர்களுக்கு ஆதாரம். அது தெரிந்த நானே அப்படி எழுதியிருந்தேன்.

கண்டிக் காரியாலயத்துக்கு நானும் கூடப் போனேன். அதிகாரி கெட்டவரல்ல. கோர்ட்டில் சுவீகாரம் எடுத்து அவர் பெயருக்கு மாற்றினால் சலுகை கிடைக்கும், இல்லாவிட்டால் கடை வேலையாட்கள் என்று காட்டலாம் என்றார். திரும்பும் ரயில் வட்டவளையைத் தாண்டியது. முதலாளி, "வேலைக்காரின்னு எழுதுனா வரி கொறையுமாம். சோறு போட்டுப் படிக்கவச்சா கொறையாதாம்" என்றார்.

வருடாவருடம் மனு எழுதினோம். முடியாது என்றே பதில் வந்தது. வரி கட்டக் கடையில் பாதியை வாடகைக்கு விட்டார். இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்த பெரியவள் செல்வி ஒருநாள் பள்ளிக்கூடத்தை விட்டு, தோட்டத்திலிருந்த அத்தை வீட்டுக்குப் போய்க் கொழுந்தெடுக்கப் பேர் பதிந்துவிட்டாள். கூட்டிவரப் போனவரிடம், "தங்கச்சி படிக்கட்டும் மாமா. எனக்கு இது பழகிருச்சு" என்றாளாம். அதன்பிறகு அவர் கடை முகப்பில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாகப் போய்ப் பார்த்தபோது, "பெரியவள நான் கைவிட்டுட்டேன் மாஸ்டர்" என்றார். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து வந்துவிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இப்போது யார் படிவம் கொண்டுவந்தாலும், "வீட்ல யார் யாருக்கு நீங்க சோறு போடுறீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன். வளர்க்கும் பிள்ளை இருந்தால், அதன் பெயரைத் தகப்பன் பெயரோடு படிவத்தின் ஓரத்தில் எழுதுகிறேன். காரியாலயத்தில் சிவப்பு மையால் அடித்துத் திருப்பி அனுப்புகிறார்கள். அடுத்த வருடமும் எழுதுகிறேன்.