ஊசி படாத தட்டு

கவிஞர் குழலரசு காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. ‘செஞ்சி இசைத்தட்டு அன்பர்கள்’ என்பது குழுவின் பெயர். உறுப்பினர்கள் பதினொரு பேர். அவர்களில் செஞ்சிக்காரர்கள் மூன்றே பேர். செய்திக்குக் கீழே முதல் பதிலாக ஒருவர் கைகூப்பும் படம் போட்டிருந்தார். இரண்டாவது பதில், ‘அவர் கையெழுத்துப் போட்ட தட்டு யாரிடமாவது இருக்கிறதா?’ என்று கேட்டது. எங்களுக்குத் தெரிந்த துக்க விசாரிப்பு அதுதான் என்பதால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பாடல்களின் பட்டியல் தேவைப்படாது. அறியாதவர்களுக்குப் பட்டியலால் பயன் இல்லை. எனவே, மூன்று ஆண்டுகளுக்கு முன் செஞ்சியில் அவரோடு கழிந்த ஒரு பிற்பகலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதற்கு அது போதும்.

அதற்கு முன்னால் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் பழைய இசைத்தட்டுகளைத் தேடி வாங்குவோம். துடைப்போம். புது உறை போடுவோம். அலமாரியில் நிற்க வைப்போம். எங்கள் உலகத்தில் ஒரு தட்டுக்குக் கிடைக்கக்கூடிய மிக உயர்ந்த பட்டம் ‘ஊசி படாதது’. அதாவது, யாரும் ஒருமுறைகூடப் போட்டுக் கேட்காதது. கேட்பதற்கென்று கீறல் விழுந்த இரண்டாம் பிரதி ஒன்றைத் தனியாக வைத்திருப்போம். இரண்டாம் பிரதி கிடைக்காத பாட்டைக் கேட்பதில்லை. இதில் எங்களுக்கு எந்த முரண்பாடும் தெரிந்ததில்லை. எங்கள் மனைவிமாருக்குத் தெரிந்தது.

கடைவீதியில் குழாய் சாமான் விற்கும் ஜெயராமனிடம் அப்படி ஒரு தட்டு இருந்தது. பனமலைப் பக்கம் மூடிப்போன டென்ட் கொட்டகை ஒன்றின் சாமான்களோடு அவருக்குக் கிடைத்த சின்னத் தட்டு. அது ஒரு சினிமாப் பாட்டுத் தட்டு; படம் வெளிவரவேயில்லை. குழலரசு எழுதிய முதல் பாட்டு அதில் இருந்தது. ‘என் வாழ்நாளின் சிறந்த வரிகள் அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தில் இருக்கின்றன, உலகத்துக்குக் கொடுத்து வைக்கவில்லை’ என்று அவர் பேட்டிதோறும் சொல்லிவந்தார். வேறு பிரதி எவரிடமும் இல்லை. ஆகவே அது எங்கள் குழுவிலேயே அதிக மரியாதைக்குரிய தட்டாக இருந்தது. எவரும் அதைக் கேட்டதில்லை.

மாதா கோயில் திருவிழாவில் மெல்லிசைக் கச்சேரி. சிறப்பு விருந்தினர் குழலரசு என்று சுவரொட்டியில் பார்த்தோம். கையெழுத்து வாங்க அன்று மத்தியானமே ஜெயராமனும் நானும் தட்டுகளைத் தலையணை உறைகளில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினோம். எங்களில் மூன்றாமவரான அந்தோணிசாமி செஞ்சியை அடுத்த தொண்டூர்ப் பக்கத்துக்காரர். அந்தத் திருவிழாவுக்கு அவர்தான் மைக் செட். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எத்தனை நவீன சாதனம் வந்தாலும், பழைய பிளேயரில் ஒரு மாதா பாட்டுத் தட்டைச் சுற்றவிட்ட பிறகுதான் வேறு எவரையும் மைக்கைத் தொடவிடுவார்.

கவிஞர் மேடைக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கவிஞர் என்பதற்கு அடையாளமாகத் துண்டோ மோதிரமோ எதுவும் இல்லை. ஜெயராமன் தட்டை நீட்டியதும் பஜ்ஜியைக் கீழே வைத்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நெடுநேரம் லேபிளைப் பார்த்தார்.

“எங்க வீட்ல இருந்தது வெள்ளத்துல போயிடுச்சு. கேட்டு அம்பது வருஷத்துக்கு மேல ஆகுது” என்றார். பிறகு ஆவலோடு, “ரெண்டாவது சரணம் எப்படி? நல்லா இருக்கா?” என்று கேட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“ஐயா, இது ஊசி படாத தட்டுங்க” என்றார் ஜெயராமன், பெருமையாக.

“அப்படின்னா?”

“யாரும் கேட்டதில்லீங்க. நான்கூடக் கேட்டதில்ல.”

கவிஞர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “என் பாட்டு மேல இவ்வளவு மரியாதை வெச்சவங்கள நான் பார்த்ததே இல்ல” என்றார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். “அந்தச் சரணம் எனக்கு மறந்துபோச்சு. பிரமாதம்னு எல்லா இடத்துலயும் சொல்லிட்டு வரேன். மறுத்துச் சொல்ல ஒருத்தர்கிட்டயும் தட்டு இல்ல. ஆனா எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. உண்மையான்னு ஒருவாட்டி கேட்டுப் பார்த்துக்கறேனே.”

ஜெயராமன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஐயா, ஒருவாட்டி போட்டாலே போச்சுங்க.”

“போடாட்டி எனக்குப் போயிடும்யா. எண்பத்திரெண்டு வயசு.”

அதற்குள் அந்தோணிசாமி வந்துவிட்டார். “இன்னா ஜெயராமா, பாட்டு எழுதினவரே கேக்கறாரு. இதுக்குப் போயி டென்ஷன் ஆவறியே.”

ஜெயராமன் தட்டை என்னிடம் கொடுத்தார். திரும்ப வாங்கிக்கொண்டார். கடைசியில் அந்தோணிசாமியிடம் நீட்டி, “கைய கழுவிட்டு வாடா” என்றார். மகளைக் கட்டிக்கொடுத்த அன்றுகூட அவர் குரல் அவ்வளவு கம்மியதில்லை. நான் பந்தியில் இருந்தேன்.

மாதா பாட்டு முடிந்து தட்டு மாறியது. மைக் செட்டின் இணைப்பை யாரும் எடுக்கவில்லை. எனவே ஐம்பது ஆண்டுகளாக எவரும் கேட்காத பாட்டை நான்கு கூம்பு ஒலிபெருக்கிகள் வழியே செஞ்சி முழுவதும் கேட்டது. பல்லவி போயிற்று. முதல் சரணம் போயிற்று. கவிஞர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் சரணத்தில் ஒரு நிலா வந்தது. அடுத்த வரியில் ஒரு படகு வந்தது, எதற்கென்று தெரியவில்லை. அதற்கடுத்த வரியில் இன்னொரு நிலா.

“ஐயய்யோ!” என்றார் கவிஞர்.

தன் தட்டுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எண்ணிய ஜெயராமன் பாய்ந்து ஊசியை எடுக்கப் போனார். கர்ரென்ற ஓர் ஓசை, கோட்டையின் மலைப்பாறையில் மோதித் திரும்பி வந்து, எங்களுக்கு இரண்டாம் முறையும் கேட்டது.

ஜெயராமன் தட்டை வெயிலில் பிடித்துப் பார்த்தார். குறுக்கே ஒரு சிறு கோடு. எங்கள் குழுவின் மிகச் சிறந்த தட்டு ஒரே பாட்டில் சாதாரணத் தட்டாகிவிட்டது. அவர் வேட்டி நுனியால் கோட்டைத் துடைத்துப் பார்த்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

“இன்னொரு வாட்டி போடுங்க” என்றார் கவிஞர். இனி இழக்க ஏதுமில்லாததால் போட்டார்கள். சரணத்தில், இரண்டாவது நிலாவுக்குச் சற்று முன்னால் ‘டக்’கென்று ஒரு சத்தம் விழுந்தது. கவிஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். ஜெயராமனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதும்போதே இந்த எடத்துல தாளத்துக்கு ஒரு தட்டு குறையுதுன்னு மியூசிக் டைரக்டர் சொன்னாரு. நான்தான் கேக்கல. இப்ப சரியாப் போச்சு.”

கோடு விழுந்த பிறகு ஜெயராமன் முதல்முறையாக வாய் திறந்தார். “ஒரே சரணத்துல ரெண்டு நிலா எதுக்குங்க ஐயா?”

“அப்ப எனக்கு இருபத்தஞ்சு வயசு. ஒண்ணு பத்தல.”

அன்று மாலை மேடையில் பொன்னாடையெல்லாம் முடிந்த பின் அவர் பேசினார். “அம்பது வருஷமா பேட்டியில ஒரு பொய் சொல்லிட்டு வரேன். அது இன்னைக்கு மத்தியானம் உங்க ஊர்ல பிடிபட்டுடுச்சு” என்று தொடங்கி, அந்தச் சரணத்தைத் தாளைப் பார்க்காமல் முழுதாகச் சொன்னார். எங்கே நிலா மிகுதி, எங்கே படகு அநாவசியம் என்று வரி வரியாக விளக்கினார். “நான் எழுதினதுல பிழையே இல்லாதது ஒரு சோப்பு விளம்பரம்தான். அதுல பொய் மட்டும்தான் இருக்கு” என்றார். எல்லாவற்றுக்கும் கைதட்டுகிற எங்கள் ஊர் அதற்கும் கைதட்டியது.

என் எழுத்துத் தொழிலில் பல பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். தம் சிறந்த படைப்பு இனிமேல்தான் வரும் என்பவர்கள் உண்டு. ஏற்கெனவே வந்துவிட்டது, உலகம்தான் கவனிக்கவில்லை என்பவர்கள் அதிகம். தன் பெயரில் ஐம்பது ஆண்டுகளாகச் சுமந்த புகழை, மறுத்துக் கேட்க ஆள் இல்லாதபோதும் தானே எடுத்துப் பார்த்து, மேடையேறிக் குறைத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். இவர் அதை வருத்தத்தோடு செய்யவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடாத பெருமை. பல் பிடுங்கிக்கொண்டவரைப் போல லேசாக இருந்தார்.

போகும்போது ஜெயராமன் உறையை நீட்டினார். கவிஞர் எழுதிய கையெழுத்து இது: ‘கேட்டேன். சுமார். – குழலரசு.’

அதன் பிறகு என்னிடமிருந்த ஊசி படாத தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். பெரும்பாலும் சுமார். அந்தத் துணிச்சலில், அச்சில் இல்லாத என் பழைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றையும் எடுத்துப் படித்தேன். என் சிறந்த நூல் என்று நானும் சொல்லிவந்ததுதான். இப்போது சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை குழுவில் கேட்ட கேள்விக்கு ஜெயராமன் அந்த உறையின் படத்தைப் பதிலாகப் போட்டார். நான் அவருக்குப் போன் செய்தேன். பின்னணியில் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

“கடையிலயே போட்டுட்டேன். பைப்பு வாங்க வந்தவன் நின்னு கேட்டுட்டு, ‘இன்னாண்ணா பாட்டு, சூப்பரா இருக்குதே’ன்றான்.”

“நீ என்ன சொன்னே?”

“சுமாருப்பா, எழுதினவரே சொல்லிட்டாருன்னேன். அவன் நம்பல.”

அப்போது போனில் இரண்டாம் சரணம் வந்தது. ஒரு நிலா, ஒரு படகு. நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தோம். ‘டக்’கென்று விழுந்தது. குழலரசு எழுதியவை எல்லோரிடமும் இருக்கின்றன. அவர் எழுதத் தவறி, ஒப்புக்கொண்டு, எங்களிடம் விட்டுச்சென்ற அந்த ஒரு தட்டை நான் வைத்துக்கொள்கிறேன். அது சரியான இடத்தில்தான் விழுகிறது.