மூன்றரைத் தொன் வண்டி

என் கணவரின் சிறுநீரகங்கள் கைவிட்ட பிறகு, வயிற்றுக்குள் திரவம் விட்டு எடுக்கும் டயாலிசிஸை வீட்டிலேயே செய்துவந்தோம். நாங்கள் இருக்கும் வின்டர்தூர் நகரை விட்டு எங்கும் போவதில்லை. ஒருதரம் கடலைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டபோதுதான், படுக்கையும் அடுப்பும் உள்ள பழைய கேம்பர் வண்டியொன்று வாங்கினோம். ஓட்டுவது நான். என் லைசன்ஸுக்கு மூன்றரைத் தொன், அதாவது மூவாயிரத்து ஐந்நூறு கிலோ பாரம் வரையான வண்டிக்குத்தான் அனுமதி.

இத்தாலியின் தென்கரைக் கடலுக்குப் போய்வர இரண்டு கிழமை என்று திட்டம்; திரவம் மாற்ற அடிக்கடி நிற்கவேண்டியதால் போகவே நாலைந்து நாள் ஆகும். பதினாலு நாளுக்கும் வேண்டிய டயாலிசிஸ் திரவப் பெட்டிகளை வண்டியின் பின்பக்கம் அடுக்கினேன். தண்ணீர்த் தொட்டியை நிரப்பினேன். அரிசி, சட்டிபானை, வெளியே உட்காரக் கதிரைகள் எல்லாம் ஏற்றினேன். இடம் இருந்தது, அதனால் பாரமும் தாங்கும் என்று நினைத்துவிட்டேன்.

மலையைக் கடக்கும் சுரங்கப்பாதைக்கு முன்னால் பொலிஸார் மறித்து, வண்டியைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்த்தார்கள். மொத்தப் பாரம் கூடியிருந்தது. பின்சில்லுகளின் மேல் விழுந்த பாரம் இன்னும் மோசம். எங்கள் உடம்புகளும் அந்தக் கணக்கில் சேரும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போகலாம், டயர் வெடிக்கலாம், கூடினதை இறக்காமல் நகர முடியாது என்று ஒரு பொலிஸ்காரர் பொறுமையாக விளக்கினார்.

தண்ணீரைத் திறந்துவிட்டேன். அரிசியும் கதிரைகளும் தூறலில் இறங்கின. போதவில்லை. மிஞ்சியவை பெட்டிகள்தான். அவை எதற்கென்று சொன்னேன். பொலிஸ்காரர் பின்பக்கம் போய்ப் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார்.

உள்ளே இருந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அரைவாசியை இறக்கும்," என்றார்.

"அப்ப கடலுக்குப் போகேலாதே."

"ஓம். ஏலுமான அளவு போவம்."

வின்டர்தூருக்குக் கிட்ட, ஷ்லீரனில் இருக்கும் என் தம்பி நான் அழைத்ததும் காரில் வந்து, இறக்கியதை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனான். மீதிப் பெட்டிகளை முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் நடுவில், தரையோடு வைத்து இறுக்கிக் கட்டினேன். மறுபடி தராசில் நிறுத்தபோது பாரம் சரியாக இருந்தது.

மலைக்கு அப்பால் ஓர் ஏரிக்கரையில் தங்கினோம். மழை விடவேயில்லை. அவர் யன்னலோரம் இருந்து தண்ணீரைப் பார்த்தார். அலை இல்லை என்று மட்டும் சொன்னார். பெட்டிகள் தீரமுன் வீடு திரும்பினோம். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அவர் போய்விட்டார்.

வண்டியை ஓர் இளம் தம்பதியினர் வாங்கினார்கள். எல்லாச் சாமானையும் ஏற்றி, நீங்களும் ஏறியிருந்து முதலில் தராசில் நிறுத்துப் பாருங்கள் என்று அவர்களுக்குச் சொன்னேன். அவர்கள் கடலுக்குத்தான் போகப்போகிறார்களா என்று நான் கேட்கவில்லை.