சித்தப்பாவின் இரண்டாவது ஊசி

என் தாய்மாமா ஊசிக்குப் பயந்தவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை யாரிடமும் சொல்வதில்லை என்று ஒன்பது வயதில் ஏழுமலையான் மேல் சத்தியம் செய்து, அந்தச் சத்தியத்தை ஐந்தே நாளில் திருப்பதிச் சத்திரத்து முற்றத்தில் ஊரே பார்க்கப் போட்டு உடைத்தவள் நான். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போது மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. எங்கள் ஊர் புத்தூருக்குப் பக்கம். தம்பிக்குப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. புரட்டாசியில் மலைக்குப் போய் முதல் மொட்டை போடுவதாக வேண்டுதல். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் மொட்டையடிக்க வேண்டும், வேறு மடி செல்லாது. அம்மாவுக்கு இருந்ததோ ஒரே தம்பி. அவர் சித்தூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, மொட்டைக்காக லீவு போட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். கறுப்புக் கோட்டு இல்லையே தவிர வாதாடுவதில் அவர் வக்கீலையே தூக்கிச் சாப்பிடுவார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருஷம் வாந்திபேதி அங்கங்கே தலைகாட்டியிருந்தது. ஊசி போட்ட சீட்டு இல்லாதவர்களை மலையேற விடமாட்டார்கள் என்று தண்டோரா போட்டுவிட்டார்கள். புத்தூரில் ஒரு மாந்தோப்பில் கூடாரம் அடித்து ஊசி குத்தினார்கள். நைனா, அம்மா, நான் மூவரும் முதலில் போட்டுக்கொண்டோம். நான் அழவில்லை என்று இன்றும் சொல்லிக்கொள்வேன், அம்மா வேறு மாதிரி சொல்லுவாள். அம்மா தம்பியின் கையையும் நீட்டினாள். ஊசி போடுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கைக்கொயந்தைக்கு இல்லம்மா, அந்தாண்ட போ” என்று சொல்லிவிட்டார். நைனாவும் அம்மாவும் நிழல் பார்த்து உட்காரப் போனார்கள். நான் சித்தப்பாவின் வால். அங்கேயே நின்றுவிட்டேன்.

சித்தப்பா நைனாவின் தம்பி. கரும்பு ஆலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். ஒரு கரும்புக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார். அவர் இடது கையை நீட்டி, ஊசி இறங்கும்போது கொட்டாவி விட்டார். நான் பெருமையில் பூரித்துப்போனேன். அடுத்தது மாமாவின் முறை. மாமாவைக் காணோம். நாங்கள் வந்த மாட்டுவண்டிக்குப் பின்னால், சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வியர்த்து நின்றார்.

“மச்சான், அத்தப் பாத்தாவே எனுக்குக் கண்ணு இருட்டிக்கினு வருது.”

“இன்னா மச்சான் நீ! ஜட்ஜி முன்னால நிக்கிற ஆளு.”

“ஜட்ஜி கையில ஊசி இல்லியே!”

சித்தப்பா சிரித்து முடித்துவிட்டு யோசித்தார். மாமா மலையேறாவிட்டால் மடி இல்லை. மடி இல்லாவிட்டால் மொட்டை இல்லை. சீட்டில் பேர்தான் எழுதினார்கள், முகத்தை எழுதவில்லை. சித்தப்பா தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். மாமாவின் பேரைச் சொல்லி, வலது கையை நீட்டி, இன்னொரு கொட்டாவி விட்டார். திரும்பி வந்து சீட்டை மாமாவின் சட்டைப்பையில் செருகினார். அப்போதுதான் இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மாமா ஓடிப்போய் ஒரு பொட்டலம் கமர்கட்டு வாங்கிவந்தார். கமர்கட்டு என் கைக்கு வருவதற்கு முன்னால் சத்தியம் அவர் கைக்குப் போயிற்று.

அடுத்த இரண்டு நாள் சித்தப்பா இரண்டு கையும் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தார். எழுந்ததும் அவருக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்கு ஒன்று, தனக்கு இரண்டு. எந்தக் குட்டைத் தண்ணீரையும் அள்ளிக் குடிக்கலாம் என்று அவர் நினைத்துக்கொண்டார். மாமாவுக்கோ ஒரு காவலும் இல்லை. அது அவருக்கும் தெரியும், சித்தப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாங்கள் ரயிலேறிய அன்று மாமா ஒரு பெரிய பித்தளைக் கூஜாவோடு வந்தார். அது நிறையக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர்.

“ஊசி போட்டுக்கினு இன்னாத்துக்குக் காய்ச்சின தண்ணி?” என்று நைனா கேட்டதுதான் தாமதம், பெட்டியில் வாதம் பற்றிக்கொண்டது. எனக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. ரயிலே முதல் தடவை. அதில் சண்டையும் சேர்ந்தால் ஒன்பது வயதுக்கு வேறென்ன வேண்டும்? ஊசி வேலை செய்யுமென்றால் தண்ணீரை ஏன் காய்ச்ச வேண்டும், தண்ணீரைக் காய்ச்சத்தான் வேண்டுமென்றால் ஊசி எதற்கு என்பது சித்தப்பாவின் கட்சி. எதிர்ப் பலகையில் இருந்த தெலுங்குக்காரர், “சூதி ஏசுகுன்னாக்கா பயமெந்துக்கண்டி?” என்று சித்தப்பாவோடு சேர்ந்துகொண்டார். ஊசி போட்டபிறகும் பயம் என்ன என்று பெட்டி முழுக்கக் கேட்டது.

“மச்சான், உன் ஆலைக்குப் பூட்டு போடுற. போட்டுக்கினு நாயும் கட்டி வெக்கிற. ஏன்?” என்றார் மாமா.

“எங்க நாய் பூட்ட நம்பாது மச்சான், அதான்!”

பெட்டியே சிரித்தது. ரேணிகுண்டாவில் வண்டி மாறும்போது சித்தப்பா குழாயடியில் இரண்டு கையாலும் தண்ணீர் பிடித்து, மாமா பார்க்கும்படி மடக் மடக்கென்று குடித்தார். அம்மா மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தம்பி சிணுங்கியபோதெல்லாம் மாமாவின் கூஜாவிலிருந்து பாலாடையில் கொஞ்சம் ஊற்றி அவனுக்குப் புகட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடியற்காலை சத்திரத்தில் எல்லோரும் குளித்துத் தயாராகிவிட்டோம். மாமா மட்டும், கூஜா காலியாகிவிட்டதென்று, முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து, ஒரு தவலை நிறையத் தண்ணீர் ஏற்றி, ஈர விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வெயில் ஏறுவதற்குள் மலையேற வேண்டும். சித்தப்பா முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். தண்ணீர் கொதித்தது. மாமா அது ஆற வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

“ஊருசனம் பாதி மலை ஏறிப்புட்டுது! ரெண்டு ஊசி போட்ட நானே சும்மாக் கீறேன், இவன் பயந்துக்கினு கீறான் பாரு!”

சித்தப்பா வாய் தவறிச் சொன்ன ‘ரெண்டு’ கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேறு யாரும் கவனிக்கவில்லை. சத்திரத்தில் தங்கியிருந்த யாத்ரீகர்கள் தொன்னையும் கையுமாக வந்து சுற்றி நின்றார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் மாமாவுக்குச் சித்தூர்க் கோர்ட்டே எதிரில் வந்துவிட்டது. மேல்துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“மச்சான், வெல்லப்பாகு கொதிக்கிற கொப்பரையை எறக்கும்போது கையில இன்னா சுத்திக்குவ?”

“ஈரத்துணி.”

“துணி சுத்தினா கை வேவாதா?”

“வேவாது.”

“அப்ப துணி சுத்தின கைய பாகுக்குள்ள வுடுவியா?”

“அதானே!” என்றார் ஒருவர். “பாயிண்டு!” என்றார் இன்னொருவர். எங்கள் நைனாவே தலையை ஆட்டிவிட்டார். ஒரு கிழவர், தானும் தண்ணீர் காய்ச்சிக்கொள்ளப் போவதாக விறகு தேடிக் கிளம்பினார். என் சித்தப்பா, இரண்டு கை வீக்கத்தையும் வாய் திறக்காமல் தாங்கிய மனிதர், தோற்று நின்றார். ஒரு வார்த்தை சொன்னால் மாமா தவிடுபொடி. ஆனால் அவர் சொல்லவில்லை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் கூட்டத்துக்கு நடுவில் பாய்ந்தேன்.

“மாமா ஊசியே போட்டுக்கல! சித்தப்பாதான் அவருக்கும் சேத்துப் போட்டுக்கிச்சு!”

அப்போது எழுந்த சிரிப்பில் சத்திரத்துப் புறாக்கள் பறந்து போயின. விறகு தேடப்போன கிழவர்கூடத் திரும்பிவந்து, விஷயம் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாமா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் சொன்ன நியாயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் யார் காதிலும் ஏறவில்லை. பயந்தாங்கொள்ளியின் தண்ணீர் என்று அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள். “கொட்டுடி அத்த, கெளம்பலாம்!” என்றார் நைனா. கொட்டுவதற்கு என்னைவிடத் தகுதியானவர் யார்? பாவாடையைச் சுருட்டித் தவலையின் விளிம்பைப் பிடித்து ஒரே சாய்ப்பாகச் சாய்த்தேன். அம்மா கையில் எதையோ பிடித்துக்கொண்டு, “இருடி, இருடி” என்று ஓடிவந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நான் சித்தப்பாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். தண்ணீர் முற்றம் முழுவதும் ஆவி பறக்க ஓடியது.

அலிபிரியில் மலையடிவாரத்திலேயே ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். நைனா மாமாவின் ஒரு கையையும் சித்தப்பா மறு கையையும் பிடித்து உள்ளே நடத்திப்போனார்கள். ஊசி இறங்கியதும் மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு, “கோவிந்தா!” என்று அலறினார். மலையேறக் காத்திருந்த அத்தனை பேரும் பதிலுக்கு, “கோவிந்தா!” என்று முழங்கினார்கள். அதைவிடச் சந்தோஷமான ஒரு காலைப்பொழுதை நான் பார்த்ததில்லை. “இப்ப நம்ம எல்லாருக்கும் ஊசி ஆயிட்சி. இன்னா பயம்?” என்றார் சித்தப்பா. நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எல்லோருக்கும் ஆகியிருந்தது.

முழங்கால் முறிச்சான் ஏற்றத்தில் எல்லோருக்கும் நாக்கு வறண்டது. தம்பி அழுதான். பாறைக்கிடையில் ஒரு சுனை கண்ணாடி மாதிரி கிடந்தது. சித்தப்பா அள்ளிக் குடித்தார், நைனா குடித்தார், மாமாவும் கடைசியில் குடித்தார். தம்பிக்கு என் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டுவந்து நானே கொடுத்தேன். சப்புக்கொட்டிக் குடித்தான்.

மேலே போய் மொட்டை நன்றாக நடந்தது. மாமா வீங்கிய கையோடு மடி கொடுத்தார். மறுநாள் காலை தம்பிக்கு வயிறு போகத் தொடங்கியது. மத்தியானத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. அழுதால் சத்தம் வரவில்லை. அது வாந்திபேதிதானா, வெறும் வயிற்றுப்போக்கா, எங்களுக்கு இன்றுவரை தெரியாது. யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஊசியைப் பற்றி ஒரு பேச்சில்லை. மாமா காய்ச்சலோடு எழுந்து மூன்று கல் தேடினார். சித்தப்பா எங்கிருந்தோ காய்ந்த விறகாகப் பார்த்துத் தோள் நிறையக் கொண்டுவந்து போட்டார். மாமா தண்ணீர் காய்ச்சி, ஒரு கல் உப்புப் போட்டுக் கஞ்சி வடித்து, ஆறவைத்து, தம்பியை மடியில் கிடத்திக்கொண்டு பாலாடை பாலாடையாகப் புகட்டினார். துப்பினால் மறுபடி புகட்டினார். இரண்டு பகல் அந்த மடி அசையவில்லை.

எனக்கு மட்டும் காரணம் தெரியும். நான் பெருமாள் மேல் செய்த சத்தியத்தை உடைத்தேன், பெருமாள் தம்பியைப் பிடித்துக்கொண்டார். கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. என்னிடம் கொடுப்பதற்கு இருந்தது இடுப்பு வரை தொங்கிய முடி ஒன்றுதான். தம்பிக்கு மொட்டையடித்த நாவிதரிடம் நானே ஓடிப்போய்த் தலையைக் குனிந்தேன். அம்மா என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் தம்பி கண் திறந்து, என் மொட்டையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துச் சிரித்தான். நான் மலையே அதிரும்படி, “கோவிந்தா!” என்று கத்தினேன்.

ரயிலில் திரும்பும்போது என் முடியால்தான் தம்பி பிழைத்தான் என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு வந்தேன். மாமா மறுக்கவில்லை. அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். சித்தப்பா குழாயடிக்குப் போகவில்லை. கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

முடி இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிட்டது. பெருமாளோடு என் வழக்கும் அதோடு தீர்ந்ததாக வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். மாமா தன் உயிருக்குப் பயந்துதான் தண்ணீர் காய்ச்சினார், அதில் சந்தேகமில்லை. பயந்தவர் சொன்னதால் அது பொய் என்று நான் முடிவு கட்டினேன். விரல் விட்டு எண்ணியபோது, ஊசி போடாமல் திருப்பி அனுப்பிய ஒரு சின்னக் கையை எண்ணாமல் விட்டேன். சத்திரத்து முற்றத்தில் நான் தவலையைச் சாய்த்தபோது அம்மா என்னை அடிக்க வரவில்லை. அவள் கையில் இருந்தது வெறும் பாலாடை. அதைத் தண்ணீருக்கு நேரே நீட்டிக்கொண்டுதான் அவள் ஓடிவந்தாள்.