எட்டாம் நம்பர் பிரஸ்

காக்களூர் டின் கம்பெனியில் சாலமோன் பிட்டராகச் சேர்ந்து பதினோரு வருஷம். மெஷின் நின்றால்தான் அவருக்கு வேலை. அவர் கை பட்டால் எந்த மெஷினும் ஓடிவிடும் என்று பெயர் வாங்கியிருந்தார்.

1974-இல் புதிதாக வந்த இன்ஜினியர் துளசிராமன், ஒவ்வொரு மெஷினிலும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார். ஓடுகிற மெஷினையும் சனிக்கிழமைதோறும் நிறுத்தி, கழற்றிப் பார்த்து, ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“நல்லா ஓடினுகீற மெஷினை இன்னாத்துக்கு சார் கயட்டணும்? சத்தத்தக் கேட்டாலே எனக்குத் தெரியும்” என்றார் சாலமோன்.

“ஒடைஞ்சப்புறம் பார்த்து என்ன பிரயோஜனம்? கழட்டிப் பாருங்க.”

சாலமோன் கழற்றவில்லை. சனிக்கிழமையானால் கொஞ்சம் எண்ணெய் விடுவார், அட்டையில் எழுதுவார். ஆறு வாரம் இப்படியே போயிற்று.

ஏழாவது சனிக்கிழமை காலை துளசிராமன் நேராக எட்டாம் நம்பர் பிரஸ்ஸுக்கு வந்தார். டின் மூடி அடிக்கிற பிரஸ் அது. “இதைக் கழட்டுங்க, நானும் பார்க்கறேன்.”

சாலமோன் வேண்டாவெறுப்பாகக் கழற்றினார். கிளட்ச் பின் என்கிற இரும்பு முளையில் முக்கால்வாசிக்கு விரிசல். விரிசலுக்குள் துரு ஏறியிருந்தது. இன்று நேற்று வந்த விரிசல் இல்லை. அது முறிந்திருந்தால், மிதியை மிதிக்காமலே பிரஸ் தானாக இறங்கியிருக்கும்.

சாலமோன் பின்னைக் கையில் எடுத்தார். எட்டாம் நம்பரில் தகடு வைத்து எடுக்கிறவள் அவர் மனைவி கிரேஸ். நிமிஷத்துக்குப் பத்துத் தடவை அவள் கை அதற்குள் போய் வரும். அட்டையில் ஆறு ‘சரி’. ஆறுக்கும் அவர் கையெழுத்து.

கிரேஸ் ஓடி வந்தாள். “இன்னாய்யா ஆச்சு? மூஞ்சி ஏன் இப்டி கெடக்குது?”

அவர் பின்னை நீட்டினார். அவள் அதையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கயட்டிப் பாக்காமலேயா எழுதினே?”

“ஆமாம்மே.”

கிரேஸ் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

யாரும் கூப்பிடாமலே சாலமோன் மேனேஜர் அறைக்குப் போய், “பாக்காம எழுதினேன் சார்” என்றார். ஒரு வாரம் சஸ்பெண்ட் செய்தார்கள். திரும்பி வந்ததும் மிச்சமிருந்த பிரஸ்களையெல்லாம் கழற்றினார். மூன்றாம் நம்பரிலும் பின் தேய்ந்து கிடந்தது.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஸ்பானரை எடுப்பார். “ஆர்டர் போயாவணும்பா, சீக்கிரம் ஓட்டு!” என்று போர்மேன் இராமலிங்கம் கத்துவார். “நான் பாத்து முடிச்சாதான் ஓடும்” என்பார் சாலமோன்.

கிரேஸ் எட்டாம் நம்பருக்குத் திரும்பவில்லை. புதுப் பின் போட்டாயிற்று என்று அவர் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல், பேக்கிங்குக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.