ஏசுபாதம் கம்ப்யூட்டர் சவுண்ட் சர்வீஸ்

கடப்பாக்கத்தில் ஏசுபாதத்தின் ஒலிபெருக்கி பேசாத கல்யாணம் இல்லை. ஏசுபாதம்தான் பேசமாட்டார். எந்தப் பாட்டைப் போட்டால் பந்தி சீக்கிரம் காலியாகும் என்பது வரை தெரிந்த மனிதர், கேசட்டோடு மட்டும் ஒத்துப்போகவில்லை. கடற்காற்றில் நாடாவுக்குப் பூசணம் பிடித்தது. ஆகவே 2003-இல் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, வேன் நெற்றியில் 'கம்ப்யூட்டர் சவுண்ட் சர்வீஸ்' என்று எழுதினார். அது தவறே செய்யாது என்பது அவர் நம்பிக்கை.

சங்கடம் என்னவென்றால், ஸ்பீக்கர் வழியாக வரும்போது கேசட்டும் கம்ப்யூட்டரும் ஒன்றுபோலத்தான் கேட்டன. ஊருக்கு எப்படித் தெரிவது? திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி வைத்தார். பாட்டுக்கு ஏற்ப அதில் வண்ணக் கோடுகள் நெளிந்து ஆடின. மாப்பிள்ளையைப் பார்க்க வந்தவர்கள் கோடுகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாதா கோயில் திருவிழாவுக்கு ரெபேக்காள் குழுவின் கோலாட்டம். ஒத்திகையில், நடுப்பாட்டில் கண்ணிமைக்கும் நேரம் பாட்டு நின்று மறுபடி ஓடியது. கோல் நிற்குமா? எதிரே ஆடிய சின்னப்பொண்ணு அடித்தது ரெபேக்காள் விரலில் விழுந்தது.

"இன்னா அண்ணாத்த, உன் பொட்டிக்கு விக்கலா?"

"கரெண்டு ஆடுதும்மா."

"கரெண்டு ஆடுனா லைட்டு மட்டும் ஏன் கம்முனு கீது? ஞாயித்துக்கெழமையும் விக்கிச்சு, அடுத்த வருசம் செங்கல்வராயன் மைக் செட்டுதான், சொல்லிட்டேன்."

வருடத்துக் கல்யாணங்களெல்லாம் அந்தத் திருவிழாவில்தான் பேசி முடிவாகும். அது போனால் பிழைப்பும் போகும். ஏசுபாதம் வயரை மாற்றினார், ஸ்டெபிலைசர் வைத்தார். விக்கல் நிற்கவில்லை. கடைசியில் கம்ப்யூட்டரை விற்ற ஹரிசங்கரை, நாவலூர் கம்பெனிக்காரரை, வரவழைத்தார்.

"வயர்ல ஒண்ணும் இல்லண்ணே. பாட்டு நேரா ஸ்பீக்கருக்குப் போறதில்ல. சின்னத் தொட்டி மாதிரி ஒரு எடத்துல ரொப்பி, அங்கேர்ந்து சீரா வெளிய விடுது. ரொப்பறதும் கோட்ட ஆட்டறதும் ஒரே ஆள். அவன் கோட்டுல மயங்கி நின்னா தொட்டி காலி."

"கோட்ட நிறுத்திட்டா?"

"விக்கல் போயிடும்."

"கம்ப்யூட்டர்னு எவனுக்குத் தெரியும்?"

அதற்கு ஹரிசங்கரிடம் மென்பொருள் இல்லை. தவறே செய்யாத இயந்திரத்தில் தவறு நுழைந்த வழி, அதன் பெருமையைக் காட்டத் திறந்து வைத்த வழிதான்.

ஞாயிறு மாலை. ஜெபப் பாட்டுகளுக்குக் கோடுகள் ஆடின. ஊரே சேர்ந்து பாடியதில் விக்கல் எவர் காதிலும் விழவில்லை. கோலாட்டக் குழு வந்தது. முன்வரிசையில், மகள் கல்யாணத்துக்கு செட் தேடிக்கொண்டிருந்த துரை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ரெபேக்காளோ கோலை உயர்த்தி ஏசுபாதத்தைப் பார்த்தாள். அவர் மவுஸை அழுத்தினார். கோடுகள் மறைந்தன.

"படம் பூட்ச்சுப்பா!" என்று யாரோ கத்தினார்கள்.

பாட்டு ஓடியது. அத்தனை கோல்களும் ஒரே கோலாக விழுந்தன. கடைசி வேகத்தில்கூட ஒரு விரலும் நசுங்கவில்லை.

முடிந்ததும் துரை வந்து தோளில் தட்டினார். "பொட்டி படுத்துக்கினவுடனே கேசட்ட போட்டியே, அங்கதான் நிக்கற நீ! இன்னா கணக்கா வுழுந்துச்சு! எம்பொண்ணு கல்யாணத்துக்கு நீதான். ஆனா அந்தப் பேஜாரு பொட்டி வேணாம், கேசட்டே கொண்டா."

ஏசுபாதம் வாயைத் திறந்தார். பின்னால் ரெபேக்காள் முந்தானையை வாயில் வைத்து அடக்கியும் சிரிப்பு வெடித்துக்கொண்டு வந்தது.

"கேசட்டே போட்டுடலாம்ப்பா," என்று சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைத் துணியால் மூடி வேனில் ஏற்றினார்.