கிடா வெட்டிய பிறகு

என் மகளின் ஆஸ்பத்திரி நோட்டில் அவளுடைய நோய்க்கு மூன்று முறை பெயர் எழுதியிருக்கிறார்கள். முதலில் ஒன்று, பிறகு வேறொன்று, இந்த வருடம் மறுபடியும் முதல் பெயரே. "டாக்டருக்கே ஒன்னும் புரியல போல" என்று சொந்தக்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மருத்துவர் ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் எழுதினார். இரண்டாவது பெயரை எழுத ஒரு வருடம் தாமதமானதற்கு நான்தான் காரணம்.

பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர். எந்தப் பிள்ளை முட்டையைப் பைக்குள் போடுகிறது, எது பக்கத்துத் தட்டுக்குத் தள்ளுகிறது என்று எவ்வளவு கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடுவேன். என் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் சோற்றைத் தொடாமல் எலும்பும் தோலுமாகப் போனபோது மட்டும் பரீட்சைப் பயம் என்று நினைத்தேன். தர்மபுரியில் மனநல மருத்துவர் அனோரெக்சியா என்று எழுதினார். எடை கூடிவிடுமோ என்ற பயத்திலேயே பட்டினி கிடக்க வைக்கும் நோய், பிடிவாதம் இல்லை என்றார். எடை ஏறினாலும் நிறுத்தாமல் மாதாமாதம் கூட்டிவரச் சொன்னார். கூட்டிப் போனேன். கூடவே முனியப்பனுக்கும் நேர்ந்துகொண்டேன். இவள் வாய் திறந்து சாப்பிட்டால் ஒரு கிடா.

சாப்பிட ஆரம்பித்தாள். காலேஜில் சேர்ந்த சில மாதங்களில் தானாகவே தட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். களி, சோறு, பலகாரம், எதை வைத்தாலும் காலியானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கோயிலில் கிடா வெட்டி, சொந்தபந்தம் எல்லோருக்கும் சோறு போட்டோம். என் நாத்தனார் அவள் தாடையைத் தடவி, "கன்னமெல்லாம் எப்படி உப்பி வந்திருக்குது பாரு. சாமி கண்ணத் தொறந்துட்டான்" என்றார். மூன்று முறை கறி வாங்கிச் சாப்பிட்ட என் மகள் கோயிலின் பின்பக்கம் போனாள். திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன. காரம் என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

அன்று சாயந்திரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, சாப்பிடறத எல்லாம் வாந்தி எடுத்துடறேன். நானாத்தான் எடுக்கறேன். நிறுத்த முடியல. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

என்ன சொன்னேன் தெரியுமா?

"வாயக் கழுவுடி. கிடா வெட்டுன ரத்தம்கூட இன்னும் காயல. ஊருக்கே சோறு போட்டுட்டு, இப்போ போயி நோயிருக்குதுன்னு சொன்னா தெய்வக் குத்தமாயிடும்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வேண்டுதலை நிறைவேற்றிய பிறகு அந்த நோயின் பேரைக்கூட எடுக்க மாட்டோம். எடுத்தால் சாமி கோபித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடும் என்று பயம். மாதாமாதம் போவதை நிறுத்தி, ஆஸ்பத்திரி நோட்டைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் போட்டேன். அவள் இன்னொரு முறை கேட்டாள். அப்புறம் கேட்கவில்லை. சாப்பிட்டவுடன் குளியலறையில் குழாய் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்கும்போதெல்லாம் மிக்சியைப் போட்டேன். பாவி நான், வேறென்ன சொல்ல.

அடுத்த வருடம் பாப்பாரப்பட்டி பஸ் நிறுத்தத்தில் மயங்கி விழுந்தாள். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு தாறுமாறாக ஓடியது. பிழைப்பாளா என்று இரண்டு நாள் யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அதே மனநல மருத்துவர் வந்தார். நோட்டைப் புரட்டி, இப்போது இது புலிமியா என்றார்.

"அப்போ பட்டினி கெடந்தா, இப்போ சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்கறா. பேருதாங்கம்மா மாறியிருக்கு, நோய் போகல. நெறைய பேருக்கு இப்படி மாறும், மறுபடி பழையதுக்கே திரும்பவும் செய்யும். அதனாலதான் எடை ஏறுனாலும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னேன்."

பிறகு என் மகளிடம் கேட்டார். "எப்பயிருந்தும்மா இப்படி?"

அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். "இப்பத்தான் சார், ஒரு மாசமா. வூட்ல யாருக்கும் தெரியாது."

மருத்துவர் எழுதத் தொடங்கினார். நாத்தனார் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் சும்மா இருந்திருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"இல்லைங்க சார்" என்றேன். "ஒரு வருசம் ஆச்சு. கிடா வெட்டுன அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டா. நான்தான் கூட்டிட்டு வரல."

அவர்கள் வெளியே போன பிறகு அவள் மெல்லக் கேட்டாள்.

"அன்னைக்கு நான் சொன்னத நீ நம்பலயாம்மா?"

ஆமாம், நம்பவில்லை என்று சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நம்புனேன் கண்ணு" என்றேன்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.